போய்த் தாக்கல் சொல்றோமுங்க

ஆலாம்பாறைக்குப் போவதில் ஒரு சிரமமும் கிடையாது. அணை கட்டி ஆற்றைத் தேக்கிய காலத்தில் மூன்று பக்கமும் தண்ணீர் ஏறிக்கொள்ள, நாலாவது பக்கத்தை யானைகள் நடமாடும் காடு அதற்கு முன்பே எடுத்துக்கொண்டிருக்க, நடுவில் மிஞ்சிய பாறைமேட்டில் அந்த ஊர் உட்கார்ந்துவிட்டது. பஸ் போகாது, ஜீப் போகாது, ஆகையால் இக்கரைப் புளியமரத்தடியில் நின்று கையைத் தூக்கி ஒரு கூப்பாடு போட்டால் அக்கரையிலிருந்து பரிசல் வரும், ஏறிக் குந்திக்கொண்டால் வெற்றிலை போட்டு மென்று துப்புகிற நேரத்தில் கொண்டுபோய் இறக்கிவிடும். போவது அவ்வளவு சுலபம். திரும்பி வருவதுதான் கொஞ்சம் யோசிக்க வேண்டிய காரியம்.

ஏனென்றால் ஆலாம்பாறைத் துறையிலிருந்து கிளம்புகிற பரிசல், ஏறியவர்களில் யாராவது ஒருத்தர் சொல்ல வாயெடுத்துச் சொல்லாமல் விழுங்கிய பேச்சு ஒன்றை வயிற்றில் வைத்திருந்தாலும், கரையை விட்டு நகராது. கவிழாது, ஓட்டை விழாது, யாரையும் ஒன்றும் செய்யாது. துடுப்பை எந்தப் பக்கம் போட்டாலும் நின்ற இடத்திலேயே ஆட்டுக்கல் மாதிரி நிதானமாகச் சுற்றும், உள்ளே இருப்பவர்களின் முகத்தை ஒவ்வொன்றாகக் கரைக்குக் காட்டிக்கொண்டு சுற்றும், அந்தப் பேச்சு வெளியே வந்து விழுந்ததும் ஒன்றுமே நடக்காதது போலக் கிளம்பிவிடும்.

இது எப்போது தொடங்கியது என்று கேட்டால் ஆளுக்கு ஒரு வருஷம் சொல்வார்கள். முதலில் மூங்கில் சரியில்லை என்று நினைத்தார்கள், மூங்கிலை மாற்றினார்கள். தார் சரியில்லை என்று நினைத்தார்கள், தாரை மாற்றினார்கள். எங்கிருந்தோ ஒரு மோட்டார் படகு கொண்டுவந்து பார்த்தார்கள், அதுவும் புகையைக் கக்கிக்கொண்டு வட்டமாகச் சுற்றி, ஓட்டி வந்தவருக்குத் தலை கிறுகிறுத்ததுதான் மிச்சம். கடைசியில் ஒரு சந்தை நாளில், சுற்றிச் சுற்றி வயிறு புரண்டுபோன மாராக்காள் பரிசலில் இருந்தபடியே கரையில் நின்ற நாத்தனாரைப் பார்த்து, உன் சிவப்புச் சேலையைக் காக்காய் தூக்கிப்போகவில்லை, நான்தான் எடுத்துக் கிழித்துத் தலையணை உறை தைத்தேன் என்று கத்த, பரிசல் அக்கரைக்குப் போய்ச் சேர்ந்தது. ஊருக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஏன் இப்படி என்று அதற்குப் பிறகு யாரும் மெனக்கெடவில்லை, ஊருக்கு வேறு வேலை இருந்தது.

வேலை என்றால் சாதாரண வேலையா? புதன்கிழமைச் சந்தைக்குப் போகிறவர்கள் கோழி கூவும்போதே துறைக்கு வந்து, சொல்ல வேண்டியதை வரிசையில் நின்று சொல்லிவிட்டு ஏறினார்கள். உங்கள் கோழி எங்கள் வீட்டில் முட்டை வைத்தது, நான்தான் ஆக்கித் தின்றேன் என்று ஒருத்தி சொல்ல, தின்றால் தின்றுவிட்டுப் போ என்று இன்னொருத்தி சொல்ல, துறையில் சொன்னது துறையோடு என்று ஊர் கூடி ஒரு கட்டுப்பாடு வைத்தது. வீட்டுக்குப் போய் அதை வைத்துச் சண்டை போடக் கூடாது. அக்கரையிலிருந்து வந்துபோகும் வாத்தியார் சாயங்காலம் பரிசல் ஏறுமுன் பிள்ளைகளைக் கூப்பிட்டு, மத்தியானம் நான் கண்ணை மூடிக்கொண்டிருந்தது யோசனையில் அல்ல, தூங்கினேன் என்று சொல்லிவிட்டுப் போவார். ஓட்டுக் கேட்க வந்த ஒருத்தர் பாலம் கட்டித் தருகிறேன் என்று மாலை வாங்கிக்கொண்டு ஏறி, பொழுதுக்கும் சுற்றி, கடைசியில் பாலமும் இல்லை கீலமும் இல்லை, சும்மா சொன்னேன் என்று அழாக்குறையாகச் சொன்னார். ஊர் ரொம்பச் சந்தோஷப்பட்டு இன்னொரு மாலை போட்டு, அத்தனை ஓட்டையும் அவருக்கே போட்டது. சொல்ல மனமில்லாதவர்கள் ஊரை விட்டுப் போகாமல் இருந்துகொண்டார்கள். மச்சான் வீட்டு ரேடியோவை என்ன செய்தார் என்பதைப் பெண்டாட்டியிடம் சொல்ல வேண்டிவருமே என்று ராமண்ணன் வருஷக்கணக்காக அக்கரை மண்ணை மிதிக்கவில்லை. மாராக்காள் துறையிலேயே டீக்கடை போட்டாள், கேட்க வருகிறவர்கள் உட்கார வேண்டாமா?

இப்படிப்பட்ட ஊருக்குத்தான் மேகலா தன் பெரியம்மா பொன்னாத்தாளோடும் மாமன் ஆறுச்சாமியோடும் மாப்பிள்ளை வீடு பார்க்க வந்தாள்.

கல்யாணப் பெண் மாப்பிள்ளை வீடு பார்க்கப் போவது வழக்கமில்லை. ஆனால் மேகலா பிடிவாதமாக நின்றாள். பார்க்காத வீட்டுக்கு ஒருதடவை போனது போதும் என்று அவள் சொன்னபோது பெரியம்மா அவள் வாயைப் பொத்தினாள், ஏனென்றால் அந்த ஒருதடவைதான் வெளியே தெரியக் கூடாத விஷயம். மேகலாவுக்கு முன்பே ஒரு கல்யாணம் ஆகி, ஒரு வருஷம் வாழ்ந்து, கோர்ட்டில் எழுதி வாங்கித் தீர்ந்துபோயிருந்தது. அதை முதலிலேயே சொன்ன இடங்களில் எல்லாம் வந்த சம்பந்தம் வந்த வழியே போயிற்று. ஆகையால் இந்தத் தடவை மூச்சு விடக் கூடாது, தாலி ஏறிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பெரியம்மா முடிவு செய்திருந்தாள். தாய் இல்லாத பிள்ளையை வளர்த்தவள், அவள் பயம் அவளுக்கு. திருப்பூர் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிற மேகலா நாள் முழுக்கப் பிசிறையும் ஓட்டையையும் கண்டுபிடித்து எடுத்துப்போடுகிறவள். தன் விஷயத்தில் அதை மறைத்து மடித்து வைக்கச் சொல்கிறார்களே என்று அவளுக்கு ஆற்றாமையாக இருந்தது. ஆனாலும் சண்டை போட்டுப் போட்டு அலுத்திருந்தாள், சரி என்று தலையாட்டிவிட்டாள்.

பரிசல் ஓட்டி வந்தவனே மாப்பிள்ளைதான். சென்னியப்பன் என்று பேர். கறுத்த, கட்டுமஸ்தான ஆள், முன்வழுக்கை லேசாகத் தொடங்கியிருந்தது. ஆலாம்பாறைக்குப் பெண் கொடுக்க ஆளில்லாமல் அவனுக்கு வயசு ஏறிக்கொண்டே போயிற்று. எத்தனையோ பேர் வீடு பார்க்க வந்தார்கள். கிளம்பும்போது பரிசலில் உட்கார்ந்து, தம்பி நல்ல பையன்தான், இந்தத் தண்ணிக்காட்டுக்குப் பிள்ளையை அனுப்ப மாட்டோம் என்று முகத்துக்கு நேரே சொன்னார்கள். சொன்னவர்களை ஒவ்வொரு தடவையும் அவனேதான் துடுப்புப் போட்டு அக்கரை சேர்த்தான்.

"உங்க சேலை நல்லாருக்குதுங்க" என்றான் மேகலாவிடம், எடுத்த எடுப்பில். "ஆனா இந்தச் செருப்பு எங்கூருப் பாறைக்கு ஆகாதுங்க. வழுக்கும்."

பெரியம்மா ஆறுச்சாமியைப் பார்த்தாள். ஆறுச்சாமி, சந்தையில் சென்னியப்பனிடம் ஆடு வாங்கிப் பழகிச் சம்பந்தம் பேசியவர், இங்கே எல்லோரும் இப்படித்தான் என்பது போலக் கையை விரித்தார்.

துறையில் இறங்கியதும் மேகலா செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு பாறையில் ஏறினாள், மாராக்காள் சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். விருந்தாளியாக ஒறம்பரை வந்தால் முதலில் தண்ணீர், அடுத்தது விஷயம். பரிசலின் குணத்தை, தன் சேலைக் கதை, வாத்தியார் தூக்கம் உட்பட, அவள் ஒளிக்காமல் சொன்னாள். பெரியம்மா வாயைக் கொப்பளித்துவிட்டு, எந்த ஊரில்தான் இப்படி ஒரு கதை இல்லை என்று நடையைக் கட்டினாள். மேகலா மட்டும் நின்றாள்.

"ஏனுங்கக்கா, கிளம்பறப்ப எல்லாம் சொல்லிப்போட்டு, பாதித் தண்ணியில மனசுல புதுசா ஒண்ணு வந்துச்சுன்னா?"

மாராக்காள் யோசித்தாள். இதுவரை யாரும் கேட்காத கேள்வி. "அப்பிடி நின்னதே இல்ல அம்மிணி. கரையத் தாண்டின பொறகு இந்த ஊரப் பத்தி யாரு நெனைக்கறா?"

ஓட்டு வீடு, சுத்தமாக இருந்தது. வாசலில் வெள்ளாட்டுப் பட்டி, கூரைமேல் டிவிக் குடை, உள்ளே புதிதாக வாங்கிய பிளாஸ்டிக் நாற்காலிகள், அவற்றில் ஒன்றின் முதுகில் இன்னும் கடைக் காகிதம் ஒட்டியிருந்தது. சென்னியப்பனின் அம்மா நல்லாத்தாள் காப்பியும் கச்சாயப் பலகாரமும் கொண்டுவந்து வைத்துவிட்டு, தானும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"எம்மவன் குடிக்க மாட்டானுங்க. கோவம் வராது. ஆனா தூங்குனா கொறட்டை விடுவான். அவன் விடற கொறட்டைக்குப் பட்டியில ஆடுக எந்திரிச்சு நிக்கும். எனக்குக் கொஞ்சம் வாய் எச்சுங்க, மருமவகிட்டச் சண்டைக்குப் போவேன், ஆனா பொழுதுக்குள்ள பேசிப்போடுவேன். மழைக்கு மேக்காலச் செவுரு ஒழுகும்."

பெரியம்மாவுக்கு மயக்கம் வராத குறை. எந்த வீட்டில் மாப்பிள்ளையின் அம்மா இப்படிப் பேசுவாள்? ஆலாம்பாறைக்காரர்களுக்கோ, எப்படியும் துறையில் சொல்லப்போகிறதை வீட்டிலேயே சொன்னால் வேலை மிச்சம். பெரியம்மா தன் பங்குக்கு நிமிர்ந்து உட்கார்ந்து, நாக்கில் தேன் தடவிக்கொண்டாள்.

"எங்க புள்ளைக்கு ஒரு கொறையும் இல்லீங்க. ஊடு உண்டு, வேலை உண்டுன்னு இருப்பா. எங்க ஊட்டத் தவுத்து ஒருநாள் வேற ஊட்டுல தங்குனதில்லீங்க."

மேகலா தலையைத் தூக்கினாள். வாயைத் திறந்தாள். எதிரில் நல்லாத்தாள் ஆசையாக அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள், சென்னியப்பன் கதவோரம் நின்று அந்தக் கடைக் காகிதத்தை யாருக்கும் தெரியாமல் கிழிக்கப் பார்த்துக்கொண்டிருந்தான். மேகலா காப்பியை எடுத்துக் குடித்தாள். காப்பியோடு சேர்ந்து அந்தப் பேச்சும் உள்ளே போயிற்று.

அடுப்படியில் ஏரியில் அன்று பிடித்த ஜிலேபி மீன் எண்ணெயில் பொரிந்துகொண்டிருந்தது, குழம்பு வேறு கொதித்தது. காலையில் ஒன்றும் சாப்பிடாமல் பஸ் ஏறிய பெரியம்மாவுக்கு மூக்கு அந்தப் பக்கமே திரும்பியது. ஆனால் சம்பந்தம் முடிவாகாமல் மாப்பிள்ளை வீட்டில் கை நனைப்பது முறையில்லை. காப்பி குடிக்கலாம், பலகாரம் ஒன்று கிள்ளி வாயில் போடலாம், சோற்றில் கையை வைத்துவிட்டால் பெண் கொடுத்தாயிற்று என்று அர்த்தம். ஆகையால் நல்லாத்தாள் இலை போடட்டுமா என்று கேட்டபோது பெரியம்மா எச்சிலை விழுங்கிக்கொண்டு எழுந்தாள்.

"இருக்கட்டுங்க. போயிக் கலந்து பேசிப்போட்டுத் தாக்கல் சொல்றோமுங்க."

போய்ப் பேசிவிட்டுப் பதில் சொல்லி அனுப்புகிறோம் என்று எல்லா ஊரிலும் எல்லோரும் சொல்கிறதுதான். போய்த் தாக்கல் சொல்கிறோம் என்றால் வேண்டாம் என்று அர்த்தமாக இருக்கலாம், வேண்டும் ஆனால் இன்னும் நாலு இடம் பார்க்கிறோம் என்று இருக்கலாம், ஒரு அர்த்தமும் இல்லாமலும் இருக்கலாம். வெளியூரில் அதைச் சொல்லிவிட்டு ஆட்டோ ஏறிப் போய்விடலாம். வேலிக்கு அந்தப் பக்கம் காது கொடுத்துக்கொண்டிருந்த மாராக்காள் அதைக் கேட்டதும் ஓடிப்போய் இன்னொரு சொம்புப் பாலை அடுப்பில் வைத்தாள்.

பரிசலில் ஏறி உட்கார்ந்தார்கள். சென்னியப்பன் துடுப்பைப் போட்டான். பரிசல் சுற்றியது.

"ஏந் தம்பி, துடுப்புப் போடத் தெரியாதா?" என்றாள் பெரியம்மா.

"தெரியுங்க. பேச்சு பாக்கி இருக்குதுங்க."

மெள்ள மெள்ள ஊர் துறைக்கு வந்தது. ஆட்டை ஓட்டிக்கொண்டு வந்தவர்கள் ஆட்டோடு நின்றார்கள், வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் வலையோடு வந்தார்கள், ராமண்ணன் பெண்டாட்டியோடு வந்து முன்வரிசையில் குந்தினார். ஒருத்தரும் சிரிக்கவில்லை, ஒருத்தரும் அவசரப்படுத்தவில்லை. வெளியூர் ஒறம்பரைக்கு முதல் தடவை கொஞ்சம் நேரமாகும் என்பது எல்லோருக்கும் தெரியும். மாராக்காள் கரையோரத்தில் முழங்கால் தண்ணீரில் நின்று, பரிசல் சுற்றி வரும்போதெல்லாம் ஒவ்வொருத்தர் கையிலும் ஒரு டீயைக் கொடுத்தாள்.

டீ குடித்து முடித்தும் சுற்றல் நிற்காததால் பெரியம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "செரி, சொல்லிப்போடறேன். காப்பியில சக்கரை எச்சு. கச்சாயம் கல்லு மாதிரி இருந்துச்சு. போதுமா?"

பரிசல் சுற்றியது.

"ஊரு எனக்குப் புடிக்கலீங்க" என்றாள் பெரியம்மா, இந்தத் தடவை குரல் இறங்கி. "அம்மா இல்லாத புள்ளைங்க. நாளைக்கு ஒரு நோவுன்னா, பிரசவம்னா, இந்தத் தண்ணிக்குள்ள இருந்து எப்பிடிக் கொண்டுபோறது? அந்த நேரத்துல பரிசல் சுத்திக்கிட்டு நின்னா என்ன பண்றது? எனக்குப் பயமா இருக்குதுங்க."

நல்லாத்தாள் கரையிலிருந்து சொன்னாள். "பயப்படத்தான் வேணுங்கக்கா. ஆசுபத்திரி தூரந்தான். பரிசல்காரனே ஊட்டுல இருக்கறான், நாஞ் சொல்றதுக்கு அது ஒண்ணுதான் இருக்குது."

"ஆனா பிரசவத்துக்குப் போற பரிசல் நின்னதில்லீங்க" என்றாள் மாராக்காள். "வலியில கத்தறவ எந்தப் பேச்ச முழுங்குவா? புருசன், மாமியா, ஊரு எல்லாத்தையும் வஞ்சுக்கிட்டே போவா. அந்தப் பரிசல் மாதிரி வெசயாப் போறது வேற இல்ல."

ஊரே ஆமாம் என்றது. பெரியம்மாவுக்கே உதட்டோரம் சிரிப்பு வந்தது, முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பரிசல் சுற்றிக்கொண்டிருந்ததால் திருப்பிய முகம் மறுபடியும் கரைக்கே வந்தது.

அடுத்தது ஆறுச்சாமி தொண்டையைச் செருமினார். "பொன்னக்கா, அடுத்த வருசம் இந்த ஊருக்கு ரோடு வருதுன்னு உங்கிட்டச் சொன்னேன் பாரு, அது நானாச் சொன்னது. ரோடும் வரல ஒண்ணும் வரல. நல்ல பையன், வுட்டுறக் கூடாதுன்னு சொன்னேன்."

"பொறவு பேசிக்கறேன் உன்ன" என்றாள் பெரியம்மா.

பரிசல் இன்னும் சுற்றியது. இப்போது கரையில் இருந்த அத்தனை கண்ணும் மேகலாவின் மேல் வந்து நின்றது, அவள் முகம் தெரியும்போது அவளைப் பார்த்தது, முதுகு தெரியும்போது காத்திருந்தது. பெரியம்மா அவள் தொடையைக் கிள்ளினாள். ஆயுசுக்கும் இப்படியே சுற்றினாலும் பரவாயில்லை, வாயைத் திறக்காதே என்று அந்தக் கிள்ளல் சொன்னது. இதைச் சொன்னால் இந்த இடமும் போச்சு என்பது மேகலாவுக்கும் தெரியும். காலையில் அது அவளுக்குப் பெரிதாக இல்லை. இப்போது ஏனோ மனசு கனத்தது, அந்தக் கடைக் காகிதத்தைக் கிழிக்கப் பார்த்த விரல்கள் ஞாபகத்துக்கு வந்தன. இருந்தும் அவள் கிள்ளிய கையை எடுத்து ஓரமாக வைத்தாள்.

"எனக்கு முன்னயே ஒரு கல்யாணம் ஆயிருச்சுங்க" என்றாள்.

கரையில் ஒரு ஆடு கத்தியது. மேகலா நல்லாத்தாளைப் பார்த்துப் பேசினாள், பரிசல் திருப்பும்போது தண்ணீரைப் பார்த்துப் பேசினாள், நிறுத்தவில்லை. "ஈரோட்டுப் பக்கம். நல்ல ஊடுங்க. யாரும் என்னைய அடிக்கல, வையல. அவரு எங்கூடப் பேச மாட்டாருங்க. கேட்டா ஒண்ணுமில்லம்பாரு. மாமியாளும் ஒண்ணுமில்லம்பாங்க. எல்லாரும் சிரிச்ச மூஞ்சியா இருப்பாங்க, என்ன தப்புப் பண்ணுனேன்னே தெரியாது. ஒரு வருசம் டிவி சத்தத்துலயே இருந்தேன். ஒருநாளு பேக்க எடுத்துக்கிட்டு பஸ் ஏறிட்டேன். கோர்ட்ல முடிஞ்சுது. உங்ககிட்ட மறைச்சது தப்புங்க. காப்பி குடிக்கறப்பவே சொல்ல வந்தேன், முழுங்கிட்டேன்."

பரிசலின் சுற்றல் நின்றது. ஆனால் கிளம்பவில்லை, கரையில் பேச வேண்டியவர்கள் பேசட்டும் என்று மரியாதைக்கு நிற்பது போல் நின்றது.

நல்லாத்தாள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "எனக்கு மனசு சங்கடமாத்தான் இருக்குது. அதுக்காவ இல்ல. மொதல்லயே சொல்லியிருந்தீங்கன்னா அந்தக் கொறட்டைய நான் சித்தே கம்மியாச் சொல்லியிருப்பேன். நாங்க மட்டும் எல்லாத்தையும் அவுத்துக் கொட்டிப்போட்டமே." பிறகு சொன்னாள்: "பஸ் ஏறுனது நல்ல காரியம் கண்ணு."

மேகலாவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஊரில் இருக்கும் அவள் அப்பாவே அதை நல்ல காரியம் என்று சொன்னதில்லை.

சென்னியப்பன் துடுப்பைக் கையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தான். "எனக்கு அதுல ஒண்ணும் இல்லீங்க. உங்களைப் புடிச்சிருக்குதுங்க. வந்து எறங்குனதும் செருப்பக் கையில எடுத்துக்கிட்டு பாறை ஏறுனீங்க பாருங்க, அப்பவே புடிச்சுது. ஆனா வாங்கன்னு நான் கேக்க மாட்டேன். முன்ன ஒருதடவ மத்தவிய சொல்லித்தான் போயிருக்கறீங்க. ஊரையும் பாத்துட்டீங்க, ஊட்டையும் பாத்துட்டீங்க. இனி உங்க இஷ்டந்தானுங்க."

அவன் சொல்லி முடித்ததும் பரிசல் கிளம்பியது. வழவழவென்று, ஒரு தடங்கலும் இல்லாமல் போயிற்று. ஒரு பரிசல் நன்றாகப் போகிறதே என்று ஆலாம்பாறைத் துறை வருத்தப்பட்டது அன்றைக்கு ஒருநாள்தான். நல்லாத்தாள் வீட்டைப் பார்க்க நடந்தாள். மாராக்காள் அடுப்பை அணைத்தாள்.

தண்ணீரில் துடுப்பு விழும் சத்தம் மட்டும் கேட்டது. பெரியம்மா மடியில் கையை வைத்துக்கொண்டு, இந்தப் பையனைப் போல ஒருத்தன் ரோட்டோரத்து ஊரில் பிறந்திருக்கக் கூடாதா என்று நினைத்தாள். புளியமரம் கண்ணுக்குத் தெரியத் தொடங்கியது. மேகலா வயிறு லேசாகி, எத்தனையோ நாளுக்குப் பிறகு மூச்சு அடிவரைக்கும் போய் வருவதை உணர்ந்தாள். இன்னும் கொஞ்ச நேரத்தில் இறங்கிவிடுவோம், பஸ் ஏறுவோம், நாளைக்குக் கம்பெனி, சாயங்காலம் வீடு, வீட்டில் என்ன கேட்டாலும் ஒண்ணுமில்லை. கண்ணை மூடிக்கொண்டு ஆலாம்பாறையை ஒருதடவை நினைத்துப் பார்த்தாள். சேலைக்காகக் கத்தின மாராக்காளை, தூங்கிவிட்டேன் என்று சொல்லிவிட்டுப் போகும் வாத்தியாரை, எழுந்து நிற்கும் ஆடுகளை. அவளுக்கு ஒன்று சொல்லத் தோன்றியது. பெரியம்மா என்ன சொல்வாளோ என்று விழுங்கினாள்.

நடுத் தண்ணீரில் பரிசல் நின்றது. நின்று, மெள்ளச் சுற்றத் தொடங்கியது.

சென்னியப்பன் துடுப்பை இந்தப் பக்கம் போட்டான், அந்தப் பக்கம் போட்டான். "இப்பிடி நின்னதே இல்லீங்களே" என்றான். முதல் தடவையாக அவன் முகத்தில் ஒரு பதற்றம் தெரிந்தது.

"எங்கிட்ட இனி ஒண்ணும் இல்லப்பா" என்று பெரியம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். "செரி, தங்கச்சி ஊட்டுச் சீருக்குப் போயி ரெண்டு பந்தி சாப்புட்டேன், அதுவும் சொல்லிட்டேன். இவ மாமனோட பழைய செருப்ப நாந்தான் குப்பையில போட்டேன்."

"அது நீயா?" என்றார் ஆறுச்சாமி. அவரும் தேடித் தேடி இரண்டொன்று சொல்லிப் பார்த்தார். பரிசல் அதையெல்லாம் கணக்கிலேயே எடுக்கவில்லை.

"நான் எல்லாத்தையும் சொல்லிட்டனுங்க" என்றான் சென்னியப்பன். "எனக்கு உங்களைப் புடிச்சதையே ஊரு கேக்கச் சொல்லிட்டேன். வேற ஒண்ணும் இல்லீங்க."

மேகலாவுக்குச் சிரிப்பு வந்தது. பரிசல் அவள் முகத்தை ஒருதடவை புளியமரத்துக்குக் காட்டியது, ஒருதடவை ஆலாம்பாறைக்குக் காட்டியது. சுற்றுவது இதமாக இருந்ததால் இன்னும் இரண்டு சுற்று வரட்டும் என்று விட்டாள். பிறகு சென்னியப்பனை நேராகப் பார்த்தாள்.

"உங்களுக்குக் கொறட்டை வரும்னு உங்கம்மா சொன்னாங்கல்ல. எனக்குப் பரவால்லீங்க. சத்தமே இல்லாத ஊட்டுல இருந்துட்டு வந்தவ நானு. கொறட்டை கேட்டுச்சுன்னா பக்கத்துல ஆளு இருக்கறாங்கன்னு நிம்மதியாத் தூங்குவேன்."

சென்னியப்பன் துடுப்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். யாரும் துடுப்புப் போடாமலேயே பரிசல் அரைவட்டம் திரும்பி ஆலாம்பாறையைப் பார்த்துக் கிளம்பியது.

நடுத் தண்ணீரில் பரிசல் நின்றதைக் கரையில் முதலில் பார்த்தவர் ராமண்ணன். ஊரைக் கூப்பிட்டார். கரையைத் தாண்டிப் போனவர்கள் யாரும் இந்த ஊரை நினைத்ததில்லை என்று சாதித்த மாராக்காள் கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள், பிறகு ஓடிப்போய் அடுப்பைப் பற்ற வைத்தாள். ஆடுகள் கத்தின, பிள்ளைகள் தண்ணீரில் இறங்கிக் குதித்தார்கள், அந்தக் களேபரத்தில் ராமண்ணன் பெண்டாட்டியின் காதோரம் குனிந்து ரேடியோ விஷயத்தைச் சொல்லி முடித்தார். அவள் பரிசலிலிருந்து கண்ணை எடுக்காமல், "தெரியுங்க, சித்தே சும்மா இருங்க" என்றாள்.

பரிசல் துறையைத் தொட்டது. மேகலா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினாள். பின்னாலேயே பொன்னாத்தாள் ஆறுச்சாமியின் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். நல்லாத்தாள் கைக்கரண்டியோடு ஓடி வந்து நின்றாள், மூச்சு வாங்கியது, கேட்கவும் பயமாக இருந்தது, கேட்காமலும் இருக்க முடியவில்லை.

"என்னங்கக்கா... தாக்கல் என்னங்க?"

பெரியம்மா மேகலாவின் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தை அவள் இத்தனை லேசாகப் பார்த்து எவ்வளவோ நாளாகியிருந்தது. குனிந்து ஏரித் தண்ணீரில் வலது கையை நன்றாகக் கழுவினாள், முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"காத்தால இருந்து உசுரு போற பசிங்க" என்றாள். "போயி எலையப் போடுங்க."